கர்ச்சீப் காப்பாற்றாது: பன்றிப் பண்ணையில் மருந்து அடிக்கும் ஒருவருக்குப் பதில்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 34. சுமார் முந்நூறு வெண்பன்றிகள் இருக்கும் பண்ணை ஒன்றில் மனைவி, ஐந்து வயது மகனோடு அங்கேயே தங்கி வேலை பார்க்கிறார். கொட்டகைகளைக் கழுவி மருந்து அடிப்பது இவர் பொறுப்பு. காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர், பார்மலின், பினாயில், உண்ணிக்கும் சொறிக்கும் அடிக்கிற மருந்து என்று எல்லாம் ஒரே அறையில், தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அளவெல்லாம் கைமதிப்புதான். முகத்தில் ஈரக் கர்ச்சீப் கட்டிக்கொள்வார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் வாய்க்காலில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, கறை போகவில்லை என்று அதன் மேலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். குபுகுபுவென்று புகை கிளம்பி, மூச்சு அடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டி வெளியே ஓடிவந்திருக்கிறார். முதலாளி பாலும் வெல்லமும் கொடுத்துப் படுக்கச் சொன்னாராம். அன்றிலிருந்து இரவில் வறட்டு இருமல், மூட்டை தூக்கினால் இளைப்பு.

போன வாரம் இன்னொன்று நடந்திருக்கிறது. கழிவுத் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டதால், உடன் வேலை செய்யும் ஒடிசாத் தம்பி, "வாடை அடங்கட்டும்" என்று கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, மெழுகுவத்தி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்கினார். இறங்கியதும் சாய்ந்துவிட்டார். இடுப்பில் கயிறு இருந்ததால் மேலே இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். சிறிது நேரத்தில் நினைவு திரும்பியது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. குட்டி ஈனும் கொட்டகையில் வேலை செய்கிறார். முதலாளியிடம் நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். "பழகிப்போகும் என்கிறார் முதலாளி. தினமும் பால் குடித்தால் விஷம் முறியும் என்கிறார்கள். வேலையை விடலாமா? விட்டால் முன்பணத்துக்கு என்ன செய்வேன்? இருந்தால் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். இதைப் படித்ததும் அந்த ஒடிசாத் தம்பியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தொட்டி வாயுவில் நினைவு தப்பியவருக்கு நுரையீரலிலும் மூளையிலும் பாதிப்பு இருக்கக்கூடும். விழுந்தபோது கழிவு நீர் மூச்சுக்குழலுக்குள் போயிருந்தால் நிமோனியா வரும். தலைவலி, மறதி, காய்ச்சல், இருமல், மார்பு இறுக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லை என்று சொன்னாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அவருக்குத் தமிழ் தடுமாறும் என்றால் நீங்கள் கூடப் போய், நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் இருமல்

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழலில் இருக்கும் ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகி அரிக்கும். நிறைய உள்ளே போயிருந்தால் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் இப்படி வாயு ஏறியவரை, "இப்போது பரவாயில்லை" என்று சொன்னாலும், அன்று முழுவதும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ஒரு மாதமாக இரவு இருமலும் இளைப்பும் இருக்கிறது என்றால், ஒரே ஒரு தடவை ஏறிய வாயுவால் மூச்சுக்குழல் கூச்சம் கொண்டு ஆஸ்துமா போல ஆகியிருக்க வாய்ப்பு இருக்கிறது. சும்மா விட்டால் சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும்.

அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். குழாயில் ஊதச் சொல்லி ஸ்பைரோமெட்ரி பார்ப்பார்கள். வலி எதுவும் இருக்காது. இன்ஹேலர் கொடுத்தால் பயப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் இருமல் டானிக் வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள்.

பால், வெல்லம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூச்சு வழியாகப் போன வாயுவைப் பால் ஒன்றும் செய்யாது. பால் இறங்குவது வயிற்றுக்கு, வாயு போனது நுரையீரலுக்கு. வெல்லம் தூசியை இழுத்துவிடும் என்பதும் அப்படித்தான். இரண்டும் நல்ல உணவுதான், ஆசையாகச் சாப்பிடுங்கள். மருந்து என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் கெடுதல். "பழகிப்போகும்" என்பதும் தவறு. பழகிப்போவது மூக்குதான். நுரையீரல் பழகாது.

தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது

நீங்கள் கேட்காத கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். பண்ணையில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் விட ஆளை வேகமாகக் கொல்வது அந்தக் கழிவுத் தொட்டி. அதை யாரும் கடையில் வாங்கி வைக்கவில்லை, லேபிள் ஒட்டவில்லை. அதனால் யாருக்கும் அது ரசாயனமாகத் தெரிவதில்லை.

கழிவு காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு, அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் உண்டாகும். அழுகிய முட்டை வாடை அடிப்பது கடைசியாகச் சொன்னது. மிகக் கொஞ்சமாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவுக்கு வந்ததும், சில நிமிடங்களில் முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. வாடை அடங்கினதாகத் தோன்றும். உண்மையில் வாயு கூடியிருக்கும். 500 பங்கைத் தாண்டினால் தலை சுற்றி நிற்க முடியாமல் போகும். 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. உங்கள் நண்பர் வாடை அடங்கும்வரை பொறுத்திருந்தது அவருடைய கவனத்தைக் காட்டுகிறது. ஆனால் அந்த அடையாளத்தை நம்பவே கூடாது.

மெழுகுவத்தியும் அப்படித்தான். கிணறு தூர் வாரும்போது விளக்கு இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது பிராணவாயு போதுமான அளவு இருக்கிறதா என்பதைத்தான் ஓரளவு காட்டும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் மெழுகுவத்தி அழகாக எரியும். போதாததற்கு, தொட்டியில் மீத்தேன் இருக்கிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அன்று தொட்டி வெடிக்காமல் இருந்ததும் அதிர்ஷ்டம்தான்.

இன்னொன்று. கழிவு அசையாமல் கிடக்கும்போது வாயு அதற்குள்ளேயே சிக்கியிருக்கும். மோட்டாரை ஓடவிட்டாலோ, கம்பால் கிளறினாலோ, கால் வைத்து மிதித்தாலோ ஒரே மூச்சில் மேலே கிளம்பும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஆசிட் பட்டால் கழிவிலிருந்து இன்னும் வேகமாக வெளிவரும். நீங்கள் வாய்க்காலில் ஊற்றும் ஆசிட் கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்தத் தொட்டிதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எனவே அடைப்பு எடுக்க ஆள் இறங்கவே கூடாது. மோட்டாரைச் சங்கிலியில் கட்டி மேலே தூக்கிச் சுத்தம் செய்யும்படி அமைக்கச் சொல்லுங்கள். செலவு பெரிதாக இருக்காது. முடியாவிட்டால் லாரியில் வரும் உறிஞ்சும் இயந்திரத்தைக் கூப்பிடலாம். கலக்கும்போது கொட்டகையில் ஆள் இருக்கக்கூடாது, பக்கத்துத் தடுப்புகளில் உள்ள பன்றிகளையும் முடிந்தால் நகர்த்த வேண்டும், கதவு ஜன்னலெல்லாம் திறந்திருக்க வேண்டும். பீடி, வெல்டிங் எதுவும் கிட்டே வரக்கூடாது.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மனசு கேட்காது, தெரியும். தொட்டிச் சாவுகளில் இரண்டாவது, மூன்றாவது ஆளாகச் சாகிறவர்கள் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்கள்தான். கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாடியைத் தொட்டிப் பக்கம் திருப்புங்கள், 108க்கும் 101க்கும் அடித்து "வாயு உள்ள தொட்டி" என்று முதலிலேயே சொல்லுங்கள். தீயணைப்புத் துறையினர் முதுகில் காற்று சிலிண்டரோடு வருவார்கள். அது இல்லாமல் இறங்க எந்த மாஸ்க்கும் போதாது.

எதை எதோடு சேர்க்கக்கூடாது, எவ்வளவு கலக்க வேண்டும்

நீங்கள் ஆசிட்டைத் தூக்கிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பன்றிக் கொட்டகையில் அதற்கு வேலையே இல்லை. பிளீச்சிங் பவுடர் வேறு எதனோடும் சேரக்கூடாது: ஆசிட், பினாயில், பார்மலின், உண்ணி மருந்து எதனோடும். மூத்திரம் தேங்கிய தரையிலும் தூவக்கூடாது. பன்றி மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு எரிச்சல் வாயு வரும். வழக்கமாகக் கழுவும்போதே கண் எரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

சரி, அப்படியானால் எப்படிச் செய்வது? முதலில் கழிவைச் சுரண்டி எடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் அடித்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் வடிந்து தரை காயட்டும். கடைசியாக மருந்து. சாணி மேல் அடிக்கிற மருந்து சாணியோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமி வரைக்கும் போகாது. அதனால்தான் எவ்வளவு ஊற்றினாலும் போதவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நன்றாகக் கழுவிய தரைக்கு மருந்து கொஞ்சம் போதும். உங்கள் நுரையீரலுக்கும் நல்லது, பன்றிக்கும் நல்லது, முதலாளியின் பணப்பைக்கும் நல்லது.

காஸ்டிக் சோடா பத்து லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் போட்டு, அரை மணி நேரம் தரையில் விட்டால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் செத்துவிடும் என்று உலக விலங்குநல அமைப்பு சொல்கிறது. நம் ஊரில் இரண்டு சதவீதம், அதாவது பத்து லிட்டருக்கு 200 கிராம் வரை பரிந்துரைப்பதும் உண்டு. அதற்கு மேல் போடுவது கூடுதல் பலன் தராது, தோலைத்தான் அரிக்கும். நீங்கள் "நாலு கை" என்று எழுதியிருந்தீர்கள். வெறும் கையால் அள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு பிளாஸ்டிக் குவளையில் 80 கிராம் எங்கே வருகிறது என்று மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை எடை பார்த்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அதை மருந்து அறையிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஒடிசாத் தம்பிக்கும் அந்தக் கோடு புரியும்.

காஸ்டிக்கை எப்போதும் தண்ணீரில்தான் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும்; அலுமினியப் பாத்திரம் கூடாது, அதில் காஸ்டிக் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பன்றிகள் உள்ளே இருக்கும்போது தரையில் அடிக்கக்கூடாது. அரை மணி கழித்துத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே விட வேண்டும்.

கண்ணில் தெறித்துவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடுங்கள். இமையை விரலால் விரித்துப் பிடித்து, அரை மணி நேரமாவது விடாமல் தண்ணீர் ஓடவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி தேட வேண்டும். காஸ்டிக்கும் சுண்ணாம்பும் ஆசிட்டை விட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் விடக்கூடாது. கல் சுண்ணாம்புத் தூள் உடம்பில் கொட்டினால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு அப்புறம் நிறையத் தண்ணீர் விடுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரித்துக்கொண்டு இறங்கியது மேலே வரும்போது இன்னொரு முறை அரிக்கும்.

பார்மலின் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: உங்கள் பண்ணைக்கு அது வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பார்மலினில் இருக்கும் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. பெர்மாங்கனேட்டோடு சேர்த்துப் புகை போடும் வேலை, சரியான மாஸ்க்கும், முழுக்க மூடக்கூடிய வெற்றுக் கொட்டகையும், பயிற்சியும் உள்ளவர்களுக்கானது. சேர்த்த சில நொடிகளில் பொங்கிக் கொதிக்கும், வெளியே ஓட நேரம் இருக்காது. காஸ்டிக்கும் பிளீச்சிங்கும் தனித்தனியாக, சரியான அளவில் இருந்தால் உங்கள் தேவைக்குப் போதும்.

உண்ணி மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பாட்டிலைப் பாருங்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகையாக இருந்தால் தோலில் ஊசி குத்துவது போல எரியும். அமிட்ராஸாக இருந்தால் தூக்கக் கலக்கம், நாடித் துடிப்புக் குறைவு, இரத்த அழுத்தம் இறங்குவது என்று போகும். இதன் விஷத்தை முறிக்கத் தனி மருந்து கிடையாது. பார்வைக்கு இது பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் விஷம் போலவே தெரியும், ஆனால் சிகிச்சை வேறு. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலையோ அதன் லேபிளின் போட்டோவையோ கையோடு எடுத்துப் போங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்தைப் பன்றி மேல் அடிப்பது அடியோடு கூடாது. பூச்சிமருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம்.

முகத்துக்கும் கைக்கும்

ஈரக் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வாயுவைத் தடுக்க நினைப்பது, கொசுவலையைக் கட்டிப் புகையைத் தடுப்பது போலத்தான். ஆஸ்பத்திரி மாஸ்க்கும் அப்படியே. என்95 மாஸ்க் தீவனத் தூசிக்கு நல்லது. மூட்டை கொட்டும்போது கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் குளோரினும் அம்மோனியாவும் அதன் வழியாகத் தாராளமாகப் போகும். மருந்து கலக்கும்போது வேண்டியது, இரண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் ரெஸ்பிரேட்டர். எந்த வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் என்று உறையில் எழுதியிருக்கும், பார்த்து வாங்க வேண்டும். தாடி இருந்தால் முகத்தில் ஒட்டாது, இடுக்கு வழியாக வாயு புகும். கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி, கைக்கு முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை, ரப்பர் ஏப்ரன். கம்பூட்ஸ் போடும்போது பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள்; உள்ளே செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பூட்ஸுக்குள் இறங்கி, சாயங்காலம் கழற்றும்வரை காலை அரித்துக்கொண்டே இருக்கும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அடியுங்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். அந்தத் துணியை உங்கள் மகன் துணியோடு ஊறப்போடாதீர்கள்.

மனைவியும் மகனும்

கர்ப்ப காலத்தில் மருந்து அடிக்கும் வேலையும், அடித்த கொட்டகைக்குள் உடனே நுழைவதும் வேண்டாம். குட்டி ஈனும் கொட்டகையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலருக்கும் தெரியாது. தாய்ப்பன்றிகளுக்கு ஈற்றை வரவழைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசிமருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், கருவைக் கலைக்கக்கூடியது. உங்களைப் போல மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் அது ஆகாது. அந்தக் குப்பியையும் சிரிஞ்சையும் உங்கள் மனைவி தொடவே கூடாது. நீங்களும் தள்ளியே இருங்கள். நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுப்பதையும் அவர் நிறுத்த வேண்டும், அதில் கிருமித் தொற்று வேறு இருக்கிறது. தீவனக் கணக்கு, தனியறையில் குட்டி எடை பார்ப்பது என்று வேறு வேலை கேளுங்கள். இதுவரை வேலை செய்ததை நினைத்து இருவரும் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் கிராம சுகாதார செவிலியரிடமும் ஸ்கேன் பார்க்கும் மருத்துவரிடமும் "பன்றிப் பண்ணையில் இந்த மருந்துகளுக்கு நடுவே வேலை செய்கிறேன்" என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்காமல் இருக்கலாம்.

மகன் விஷயத்தில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாது. மிச்ச பினாயிலைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் திண்டில் வைப்பதாக எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மருந்து எப்போதும் அது வந்த டப்பாவிலேயே, பூட்டிய அறையில், தீவனத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். காலி கேனைக் குடிதண்ணீர் பிடிக்க எடுத்துவிடாதபடி மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

முதலாளி, முன்பணம், சட்டம்

உங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் வந்தது, 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடி வரை வந்துவிட்டது. ஒரு பன்றிக்கு வந்தால் பண்ணையே காலி. சிகிச்சை கிடையாது. அந்தப் பயத்தில்தான் கண்டபடி மருந்து ஊற்றச் சொல்கிறார். அந்த நோய் மனிதர்களுக்கு வராது, நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அது பண்ணைக்குள் வருவது பெரும்பாலும் வெளியாள் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் கொதிக்க வைக்காத ஹோட்டல் மிச்சத்திலும்தான். அந்த வாசல்களை அடைத்தால் உள்ளே இவ்வளவு ஊற்ற வேண்டியதில்லை. இதை நீங்கள் சொன்னால் எடுபடாமல் போகலாம். கால்நடை உதவி மருத்துவரையோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தையோ ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னால் கேட்பார். "மருந்துச் செலவு பாதியாகும், குட்டிக்கு மூச்சுக்கோளாறு குறையும்" என்ற பேச்சோடு ஆரம்பியுங்கள். உங்கள் இருமலை இரண்டாவதாகச் சொல்லுங்கள்.

அதே சமயம் உங்கள் உரிமையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது; மருத்துவச் செலவும் தர வேண்டும் என்பது பின்னால் திருத்தத்தில் சேர்ந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். உங்கள் பண்ணை வேலை அதற்குள் எப்படி வருகிறது என்பதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும். மருத்துவனாக நான் சொல்ல வேண்டியது ஒன்று: அரசு மருத்துவமனையில் காட்டும்போது "வேலை செய்யும்போது வாயு தாக்கியது" என்று தேதியோடு சீட்டில் எழுதச் சொல்லுங்கள், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடச் சொல்லுங்கள். ஒடிசாத் தம்பிக்கும் அப்படியே. "இருமல்" என்று மட்டும் சீட்டில் இருந்தால் பின்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முன்பணத்தைக் காட்டி உங்களை வேலையில் பிடித்து வைக்க முடியாது. 1976இன் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாங்கிய பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்பது தனிப் பேச்சு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

வேலையை விடலாமா என்பதற்கு என் பதில் இது. நாளைக்கே விட்டால் கர்ப்பிணி மனைவியோடு தங்க இடம் இல்லாமல் போகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் சில விஷயங்களைக் கேளுங்கள்: தொட்டிக்குள் ஆள் இறங்குவது நிற்க வேண்டும், ஆசிட்டும் பார்மலினும் போக வேண்டும், கையுறையும் கண்ணாடியும் ரெஸ்பிரேட்டரும் வர வேண்டும், மனைவிக்கு வேறு வேலை. இதில் பெரும்பாலானவை அவருக்கும் லாபம்தான். ஒத்துக்கொண்டால் இருங்கள். தொட்டியில் இறங்கச் சொல்வதை மட்டும் அவர் நிறுத்தவில்லை என்றால், மற்ற எல்லாம் கொடுத்தாலும் அங்கே இருக்காதீர்கள். அதில் பேரம் இல்லை.

ஸ்பைரோமெட்ரி அறிக்கை வந்ததும் அதன் நகலோடு எழுதுங்கள். மூச்சுக்குழல் கூச்சம் உறுதியானால், கொட்டகை கழுவும் வேலையையே நீங்கள் விட்டுவிட வேண்டியிருக்கும். பண்ணைக்குள்ளேயே உங்களுக்கு ஒத்துவரும் வேலை எது என்பதை அறிக்கையைப் பார்த்துச் சொல்கிறேன்.